மைக்கை அவசரப்பட்டு நீட்டாதீர்கள்

எங்கள் பக்கத்துச் சபைகளில் சாட்சி நேரம் இல்லாத ஞாயிறு குறைவு. பாட்டு முடிந்ததும் மைக் சனங்களுக்குள் வரும். பிள்ளைக்குக் காய்ச்சல் சுகமானது, மகனுக்குக் கட்டாரில் வேலை சரிவந்தது, அடகு வைத்த நகை மீண்டது என்று யாராவது எழும்பிச் சொல்வார்கள். நல்ல வழக்கம்தான். 2019 ஏப்ரல் 21க்குப் பிறகு அந்த மைக் வேறு ஆட்களைத் தேடத் தொடங்கியது. அன்று உயிர்த்த ஞாயிறு. மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தது. இறந்தவர்களில் 14 பேர் பிள்ளைகள். அதில் பிழைத்தவர்களையும் பிள்ளையைப் பறிகொடுத்தவர்களையும் கூட்டத்துக்குக் கூட்டம் கூப்பிட்டார்கள். "கர்த்தர் உங்களை எப்படித் தாங்கினார் என்று சொல்லுங்கள்." "மன்னித்துவிட்டீர்களா?" எதிரில் கமரா ஓடிக்கொண்டிருக்கும்.

உண்மையாகவே மன்னித்தவர்கள் இருக்கிறார்கள். பேச விரும்பியவர்களும் இருக்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு உரிமையில்லை. என் கவலை, கேட்டுவிட்டார்களே என்பதற்காக எழும்பி நின்றவர்களைப் பற்றியது. ஒரு தாய் என்னிடம் சொன்னா: "டீச்சர், மேடையில பேசிற ஆள் வேற, ராவைக்கு வீட்ட படுக்கிற ஆள் வேற." மேடையில் பேசிய அந்த ஆளைப் பார்த்துவிட்டு, இவ தேறிவிட்டா என்று சபை அடுத்த வேலைக்குப் போய்விட்டது. வீட்டில் படுக்கிற ஆளிடம் பிறகு ஒருவரும் வரவில்லை.

நான் பாடசாலையில் வழிகாட்டல் ஆலோசனை ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். கல்லடிப் பக்கத்துச் சபையொன்றில் பெண்கள் ஐக்கியத்தின் வீடு சந்திக்கும் குழுவில் இருக்கிறேன். வைத்தியரும் இல்லை, இறையியல் படித்தவளும் இல்லை. சுனாமிக்குப் பிறகும் ஈஸ்டருக்குப் பிறகும் வீடு வீடாகப் போனதில் பிடிபட்டதை, மற்றச் சபைகளில் இதே வேலை செய்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில் அந்தச் சாட்சி விஷயத்தை முடித்துவிடுகிறேன். அனர்த்தம் நடந்த கையோடு ஆட்களை இருத்தி, நடந்ததை ஒன்றும் விடாமல் சொல்ல வைத்தால் பாரம் இறங்கும் என்று ஒரு காலத்தில் நிபுணர்களே நம்பினார்கள். அப்படி ஒரே இருப்பில் கொட்ட வைப்பது பிற்கால மனவடுவைத் தடுப்பதில்லை, சிலருக்கு அதைக் கூட்டியும் விடலாம் என்று தெரியவந்ததால் உலக சுகாதார நிறுவனம் இப்போது அதை வேண்டாம் என்கிறது. 2011இல் அவர்கள் வெளியிட்ட உளவியல் முதலுதவிக் கையேடு மூன்றே வேலைதான் சொல்கிறது: பார், கேள், தொடர்புபடுத்து. இதில் 'கேள்' என்பது காது கொடுப்பது. தோண்டித் துருவி விசாரிப்பது அதில் சேராது. இப்போது எங்கள் சபையில் ஓர் ஒழுங்கு வைத்திருக்கிறோம். துக்கம் நடந்த வீட்டாரை மைக்குக்கு யாரும் கூப்பிடக்கூடாது. அவர்களாகக் கேட்டால், முதலில் போதகரோடு தனியே இருந்து பேசிவிட்டுத்தான். வெளியூர் விருந்தினர் பாதிக்கப்பட்டவர்களைச் சந்திக்க வேண்டும் என்று வந்தால், "அவர்களிடம் கேட்டுச் சொல்கிறோம்" என்று ஒரு நாள் தள்ளிப் போடுகிறோம். அந்த ஒரு நாளில் "வேண்டாம்" என்று சொன்னவர்கள் நிறையப் பேர்.

எங்கள் பிரதேசத்துக் கிறிஸ்தவர்களுக்கு வேறு எங்கும் இல்லாத ஒரு சிக்கல் உண்டு. எங்கள் காயங்கள் திருநாட்களிலேயே விழுந்திருக்கின்றன. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிறு, நத்தாருக்கு மறுநாள். நாவலடி, கல்லடி, திருக்கோவில், கல்முனைக் கரையெல்லாம் கடல் ஏறியபோது வீடுகளில் கேக்கும் பலகாரமும் மீதி இருந்தன. 2005 நத்தார் நள்ளிரவுத் திருப்பலியில், புனித மரியாள் பேராலயத்துக்குள் வைத்தே நாடாளுமன்ற உறுப்பினர் ஜோசப் பரராஜசிங்கம் சுட்டுக் கொல்லப்பட்டார். 2019இல் உயிர்த்த ஞாயிறு. ஆகவே சபை எப்போது மகிழ்ச்சியாகப் பாடச் சொல்கிறதோ, அப்போதுதான் பலருக்கு நித்திரை குழம்பும். டிசம்பர் பிறந்ததும் பேச்சைக் குறைக்கிறவர்கள், கரோல் பாட்டு வீட்டுப் படலைக்கு வரும்போது விளக்கை அணைக்கிறவர்கள், ஈஸ்டருக்கு மட்டும் கோயிலுக்கு வராதவர்கள் எல்லோரையும் நான் பார்த்திருக்கிறேன். பின்வாங்கிப்போனவர்கள் என்று அவர்களுக்குப் பெயர் சூட்டினால் அந்தக் கதவு மூடிவிடும்.

இதற்கு நாங்கள் செய்வது சின்னச் சின்ன வேலைகள். நவம்பர் கடைசியிலேயே ஒரு கொப்பியை எடுத்து, டிசம்பரில் யார் யாருக்கு எந்த நாள் பாரமான நாள் என்று பார்த்து, அந்த நாளுக்கு முந்தின நாளே ஒருவர் போகிறோம். நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் வெடி கொளுத்துவதை நிறுத்திவிட்டோம். இளைஞருக்கு அதில் கோபம். "வெடியில்லாம நத்தாரா?" என்று கேட்டார்கள். கடைசியில், பகலில், முன்கூட்டியே அறிவித்து, சபைக்கு வெளியே மைதானத்தில் என்று ஒத்துக்கொண்டார்கள். திடீரென்று கேட்கும் சத்தம்தான் உடம்பைத் தூக்கிப் போடுகிறது. வரப்போகிறது என்று தெரிந்த சத்தம் அவ்வளவு செய்வதில்லை. ஸ்பீக்கர்ப் பெட்டிக்கும் இதே கதைதான். சபைக்குள் சத்தம் கூடினால் அபிஷேகம் கூடும் என்று நினைக்கிற போதகர்மார் ஒரு தடவையாவது பின்வரிசை வாங்கில் போய் இருந்து பார்க்க வேண்டும்.

கதவோரம் இரண்டு வரிசைக் கதிரையை யாரும் கேள்வி கேட்காத இடமாக விட்டிருக்கிறோம். நடுவில் எழும்பிப் போகலாம், திரும்பி வரலாம். "முன்னுக்கு வாங்க" என்று யாரும் கையைப் பிடித்து இழுப்பதில்லை. ஈஸ்டருக்குப் பிறகு வாசலில் பை சோதிக்கத் தொடங்கினார்களே, அந்த வேலையையும் சபையில் எல்லோருக்கும் தெரிந்த இரண்டு பேரிடம் கொடுத்தோம், பெயர் சொல்லிக் கூப்பிட்டுச் சுகம் விசாரிக்கக்கூடியவர்களாகப் பார்த்து. ஆமிக்காரர் துவக்கோடு நிற்கிற வாசலால் உள்ளே வருவது எங்கள் தலைமுறைக்குப் பாதுகாப்பாகத் தெரிவதில்லை.

அடுத்தது வீடு சந்திப்பு. இரண்டு பேர் போவோம், ஒரே இரண்டு பேர். ஒவ்வொரு கிழமையும் புதுமுகம் போனால் அந்த வீட்டார் ஒவ்வொரு கிழமையும் முதலிலிருந்து சொல்ல வேண்டும். முதல் மாதம் கிழமைக்கொருதரம், பிறகு இடைவெளி விட்டு. ஆனால் ஒரு வருடம் போகும்வரை நிறுத்துவதில்லை. செத்த வீட்டுச் சனம் 31ஆம் நாளோடு கலைந்துவிடும். தனிமை அதற்குப் பிறகுதான் தொடங்கும். ஒரு பெத்தா, நாங்கள் வேதாகமத்தைத் திறக்கப் போகும்போது, "ஜெபம் பிறகு பாப்பம் மகள், இந்த மீனைக் கொஞ்சம் வெட்டித் தாங்க, கை நடுங்குது" என்றா. மீன் வெட்டினோம். அதன் பிறகுதான் மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினா.

இப்படிச் சொல்வதால் வேதத்தை ஒதுக்குகிறேன் என்று நினைக்க வேண்டாம். வேதத்திலேயே இருப்பதுதான் இது. எலியா சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, போதும், என் உயிரை எடுத்துக்கொள்ளும் என்று கேட்டபோது தேவதூதன் பிரசங்கம் பண்ணவில்லை. சாப்பாடும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடி நித்திரைகொள்ள விட்டான், பிறகும் சாப்பாடு கொடுத்தான். யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் பேசாமல் தரையில் இருந்தார்கள். வாயைத் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். சங்கீதங்களில் 88ஆவது, ஒரு ஆறுதல் வரியும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. அதை ஆராதனையில் வாசிக்க முதலில் தயங்கினார்கள், சனம் சோர்ந்துவிடும் என்று. வாசித்த அன்று ஒரு மனிசன் வந்து, "இப்பிடியும் பைபிளில கிடக்கா?" என்று கேட்டார். அவர் வருடக்கணக்காகக் கதவோரம் இருந்து, தேத்தண்ணி குடிக்காமலே போகிறவர்.

சொல்லக்கூடாதவை என்று எங்கள் குழுவுக்குள் சிலதை ஒதுக்கி வைத்திருக்கிறோம். "கர்த்தருக்கு இன்னும் கூடப் பிரியம், அதுதான் எடுத்துக்கொண்டார்." "மற்றப் பிள்ளையாவது இருக்கே." "அழுதா ஆத்துமா வேதனைப்படும்." கடைசி ஒன்று வேதத்தில் எங்குமே இல்லை, யார் தொடக்கினார்களோ!

இனி ஆஸ்பத்திரி. இதில்தான் சபைகள் கூடுதல் கெடுதலும் செய்கின்றன, கூடுதல் நன்மையும் செய்யலாம். பயங்கரமொன்று நடந்த முதல் கிழமைகளில் நித்திரையின்மை, திடுக்கிடுதல், கண்ணுக்குள் அதே காட்சி வருதல் எல்லாம் பெரும்பாலானோருக்கு வரும். பாதுகாப்பும் பழக்கமான ஆட்களும் கிடைத்தால் மெல்லக் குறையும். ஒரு மாதம் தாண்டியும் குறையவில்லை, சமைக்க, வேலைக்குப் போக, பிள்ளையைப் பார்க்க முடியவில்லை என்றால் அது கிளினிக்குக்குப் போக வேண்டிய நிலை. சாக வேண்டும் என்ற பேச்சோ காதில் குரல் கேட்பதோ இருந்தால் மாதக் கணக்கு ஒன்றும் பார்க்கக் கூடாது, அன்றைக்கே போக வேண்டும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையில் உளநலப் பிரிவு இருக்கிறது. அரச ஆஸ்பத்திரியில் காசும் கிடையாது. இரவில் ஒருவரும் இல்லாவிட்டால் 1926க்கு எடுக்கலாம், அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம். இந்த இலக்கத்தை எங்கள் சபை அறிவித்தல் பலகையில் ஆராதனை நேரங்களுக்குக் கீழேயே எழுதியிருக்கிறோம்.

ஆனால் இலக்கம் தெரிந்தால் மட்டும் ஆள் போகாது. "விசர் ஆஸ்பத்திரிக்குப் போனா பிள்ளைக்குக் கலியாணம் சரிவராது" என்ற பயம் இருக்கிறது. ஆகவே கூடப் போகிறோம். ஆட்டோக்காசுக்குப் பெண்கள் ஐக்கியம் ஒரு சின்ன நிதி வைத்திருக்கிறது. வாவிக்கு அக்கரையான படுவான்கரையிலிருந்து வருகிற ஒருவருக்கு அந்த ஒரு நாள் கூலியும் பஸ் காசும்தான் குளிசையைவிடப் பெரிய தடை. வாவி கடந்து வர வேண்டிய ஊர்களில் இருக்கிற சபைகள் இதை முதலில் யோசிக்க வேண்டும்.

குளிசையை நிறுத்தச் சொல்லும் ஊழியர்களைப் பற்றியும் சொல்லாமல் விட முடியாது. "விசுவாசம் இருந்தால் குளிசை எதற்கு?" என்று ஒரு வெளியூர்ப் பிரசங்கியார் சொன்னதைக் கேட்டு ஒரு பொடியன் மாத ஊசியை விட்டான். சில மாதத்தில் வீட்டை விட்டு ஓடி, கடற்கரையில் பிடித்துக் கொண்டுவந்தார்கள். பிறகு அதையே பிசாசு என்று கட்டிவைத்து ஜெபித்தார்கள். நான் ஜெபத்தை நம்புகிறவள். நீரிழிவுக்காரருக்கு ஜெபித்துவிட்டு இன்சுலினை நிறுத்தச் சொல்கிற போதகர் எங்கள் ஊரில் இல்லை. மனதின் நோய்க்கு மட்டும் ஏன் வேறு சட்டம்? மனச்சோர்வுக்குக் கொடுக்கிற குளிசை வேலை செய்யவே சில கிழமை எடுக்கும், சடுதியாக நிறுத்தினால் உடம்பும் மனமும் குழம்பும். எங்கள் போதகர் இப்போது உபவாச ஜெப அறிவித்தலிலேயே, "மருந்து எடுப்பவர்கள் சாப்பிட்டுவிட்டு வாருங்கள்" என்று சொல்கிறார். அந்த ஒரு வசனத்துக்குப் பிறகு, தாங்களும் கிளினிக் போகிறோம் என்று எங்களிடம் தனியே வந்து சொன்னவர்களைப் பார்த்து நானே திகைத்துப்போனேன். அதில் ஒரு மூப்பரும் உண்டு.

காணாமல் ஆக்கப்பட்டோரின் குடும்பங்களுக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. 1990இல் பிடித்துக்கொண்டு போன மகனுக்காக இன்னும் ஒரு சாப்பாட்டுக் கோப்பை எடுத்துவைக்கிற வீடுகள் இருக்கின்றன. அந்த ஆண்டு ஓகஸ்டில் வாழைச்சேனைப் பக்கமிருந்து மட்டக்களப்புக்கு வந்துகொண்டிருந்த ஹேபர்ட் அடிகளாரும் காணாமல் போனார். அமெரிக்காவில் பிறந்த இயேசு சபைக் குரு, புனித மிக்கேல் கல்லூரிப் பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து பழக்கியவர். அவருக்கும் கல்லறை இல்லை. இப்படியான வீட்டுக்குப் போய் "ஆத்துமா இளைப்பாற" என்று ஜெபித்துவிடக் கூடாது. "இன்னும் இருக்கிறார், விசுவாசியுங்கள்" என்றும் சொல்லக் கூடாது. குடும்பம் எப்படிச் சொல்கிறதோ, அப்படியே. கல்லறைத் திருநாளில் எல்லோரும் மெழுகுதிரி கொண்டு போகும்போது இவர்களுக்குப் போக இடமில்லை. எங்கள் முற்றத்தில் ஒரு மரத்தடியை அதற்கு ஒதுக்கினோம். விரும்பியவர்கள் கொளுத்துவார்கள், விரும்பாதவர்கள் அந்தப் பக்கம் வருவதில்லை. தொண்ணூறுகளில் கிறிஸ்தவத் தாய்மார்கூட அம்மன் கோயில் சடங்கில் தெய்வமாடுபவரிடம் மகனைப் பற்றி வாக்குக் கேட்கப் போனதுண்டு. அப்போது அதைப் பாவம் என்று கண்டித்த சபைகள் பல. அங்கே அவர்களைக் கத்தி அழ விட்டார்கள் என்பதை ஒருவரும் கவனிக்கவில்லை.

பிள்ளைகள் விஷயத்தில் எங்களுக்கு முன்னோடி ஊருக்குள்ளேயே உண்டு. யுத்தம் உச்சத்தில் இருந்த 1996இல் அருட்தந்தை போல் சற்குணநாயகமும் கனடாக் கலைஞர் போல் ஹோகனும் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சிப் பூங்காவைத் தொடங்கினார்கள். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வந்து மண்ணிலும் வர்ணத்திலும் கதையிலும் கூத்திலும் விளையாடினார்கள். என்ன நடந்தது என்று அவர்களை யாரும் விசாரிக்கவில்லை. ஞாயிறு பாடசாலை ஆசிரியர்களுக்கு நான் சொல்வதும் இதுதான். ஈஸ்டருக்குப் பிறகு பிள்ளைகள் 'குண்டு விளையாட்டு' விளையாடினார்கள், சிலர் பெரிய வயதிலும் படுக்கையில் சலம் பெய்தார்கள், தாயின் சட்டையை விடாமல் பிடித்தார்கள். அதட்டத் தேவையில்லை. அதே வகுப்பு, அதே நேரம், அதே ஆசிரியர் என்று நாள் ஓடினால் பலரும் தானாகவே இறங்கி வருவார்கள். விளையாட்டு மாறாமல் அதே இடத்தில் மாதக்கணக்காகச் சுற்றிக்கொண்டே இருக்கிற பிள்ளையை மட்டும் தனியே கவனியுங்கள்.

கல்முனைக்குப் போகிற பஸ், ஈஸ்டர் குண்டுக்காரரின் தலைவன் பிறந்த முஸ்லிம் ஊரான காத்தான்குடிக்குள் நுழைந்ததும் ஒரு பிள்ளை கண்ணை மூடிக்கொண்டது. பயம் வந்தால் வரட்டும், அதற்கு ஆறுதல் சொல்லலாம். பெரியவர்கள் அந்தப் பயத்துக்கு வெறுப்பை ஊட்டுவதுதான் பிழை, அதைப் பிரசங்க பீடத்திலிருந்தும் செய்தவர்கள் உண்டு. 1990 ஓகஸ்ட் 3 அன்று காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள். ஜெபிக்கிற இடத்தில் பிள்ளையைப் பறிகொடுப்பது என்னவென்று அந்த ஊர்த் தாய்மாருக்கு எங்களைவிட முன்பே தெரியும். அந்தப் பிள்ளையின் தாயிடம் இதை உடனே சொல்லவில்லை. ஒரு வருடத்துக்கு மேல் போய், அவ தானாகக் கேட்டபோதுதான் சொன்னேன்.

ஜெப விண்ணப்பம் என்ற பெயரில் ஒரு வீட்டு ரகசியம் ஊருக்குள் போவதைத் தடுக்காவிட்டால் மேலே சொன்ன எதுவும் நடக்காது. எங்கள் குழுவில் பெயர் சொல்லி ஜெபிப்பது அந்த ஆள் அனுமதித்தால் மட்டும். வட்ஸ்அப் குழுவில் ஒருபோதும் இல்லை. இதை மீறிய ஒருவரைக் குழுவிலிருந்து எடுத்தோம். மனத்தாங்கல் வந்தது, ஆனால் அதற்குப் பிறகுதான் சில கதவுகள் திறந்தன.

தற்கொலையைப் பற்றிச் சுருக்கமாக. முயற்சி செய்தவரைப் பொலிஸ் பிடிக்கும் என்ற பயத்தில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாமல் மறைக்கிறார்கள். 1998க்குப் பிறகு இலங்கையில் அது குற்றமில்லை. வயல் வீடுகளில் களைநாசினிப் போத்தலைப் பூட்டி வைக்கச் சொல்லுங்கள், நுண்கடன்காரர் வருகிற நாளில் பக்கத்தில் ஒருவர் இருங்கள். "சாகிற யோசனை வருதா?" என்று நேரே கேட்பதால் அந்த யோசனை புதிதாக உண்டாகாது. அடக்க ஆராதனையை மறுக்கிற சபை, உயிரோடு மிச்சமிருக்கிற குடும்பத்தைத்தான் தண்டிக்கிறது.

எங்களால் இன்னும் சரிவரச் செய்ய முடியாதது ஆண்கள் பக்கம். வீடு சந்திக்கப் போனால் பெண்கள் இருந்து பேசுவார்கள், ஆண்கள் பின்பக்கத்தால் வெளிக்கிட்டுவிடுவார்கள். கசிப்புக் குடிக்கிறவர் என்று சபை கைவிட்ட சிலர், கடல் கொண்டுபோன பிள்ளையைத் தங்கள் கையாலேயே தேடி எடுத்தவர்கள். அவர்களுக்கென்று ஆண்கள் ஐக்கியத்தில் ஒரு கூட்டம் வைத்தோம், ஒருவரும் வரவில்லை. இப்போது கடற்றொழில் செய்த ஒரு மூப்பர் பின்னேரங்களில் கடற்கரை வாடிக்குப் போய் அவர்களோடு வலை பொத்துகிறார். பைபிளும் கொண்டு போவதில்லை, அறிக்கையும் எழுதுவதில்லை. இரண்டு பேரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனார் என்று ஆட்டோக்காசுக் கணக்கைப் பார்த்துத்தான் எங்களுக்கே தெரியும். சபைக் கமிட்டியில் சிலர் அவரிடம் மாத அறிக்கை கேட்க வேண்டும் என்கிறார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த கூட்டத்தில் அது வாக்கெடுப்புக்கு வருகிறது.